ஒயரிங்கை உருவி எறியும் வைத்தியர்களுக்கு

பழைய புல்லட்டின் முகப்பு விளக்கு மங்கியதும் ஒயரிங் முழுவதையும் மாற்றச் சொல்வது பழுது நீக்கல் அன்று. பழுதைத் தேட மறுக்கும் சோம்பல்.

மின்சாரம் செல்வதற்குத்தான் ஒயர். அது பாட்டரிக்குத் திரும்பப் பெரிதும் வண்டியின் இரும்புச் சட்டமே பாதை. சட்டத்தின் துருவும் பெயின்டும் அப்பாதையை அடைக்கின்றன. புது ஒயரிங்கையும் அதே துருவின்மேல் முடுக்கினால் விளக்கு மறுபடியும் மங்காதா?

'மீட்டரில் 12 வோல்ட் காட்டுகிறதே' என்பார்கள். பல்பைக் கழற்றிவிட்டு அளந்தால், கைப்பிடி திரும்பித் திரும்பி உள்ளே அறுந்து, ஒற்றை இழையில் தொங்கும் ஒயரும் 12 காட்டும்! விளக்கு எரியும்போது, சட்டத்தோடு இணைந்த பாட்டரி முனைக்கும் பல்பின் உலோக உடலுக்கும் இடையே அளந்து பாருங்கள். அங்கே ஒரு வோல்ட் காட்டினால் குற்றவாளி எர்த், ஒயரன்று.

இவர்களினும் கொடியவர், உருகிய ஃபியூஸில் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றுபவர். ஒயர்களுக்கு மேலே இருப்பது பெட்ரோல் டாங்க் என்பதை அவர் மறந்துவிடுகிறார்.

சுவடியில் ஒரு சொல் சிதைந்ததற்காக நூலையே புதிதாக எழுதித் தருபவரைப் பதிப்பாசிரியர் என்போமா? இவரை மட்டும் ஏன் மெக்கானிக் என்கிறோம்?