குளிரை மறக்கிற விதை

"அது எங்கட ஜீனிலயே இருக்கு." வெடிச் சத்தம் கேட்டு அம்மா திடுக்கிடுறதைப் பற்றிக் கதை வந்தால், எங்களில் யாராவது ஒராள் இப்படிச் சொல்லும். கூடவே 'எபிஜெனெடிக்ஸ்' என்ற சொல்லும் வரும். யுத்தம் எங்கள் உடம்பிலேயே எழுதப்பட்டிருக்கு என்பது கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்தத் துறையில் நடந்திருக்கிற வேலையைப் பார்த்தால் இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது என்று நினைக்கிறோம்.

கரோலின் டீனை எடுத்துக்கொள்ளுவம். இங்கிலாந்தின் நோர்விச்சில் உள்ள ஜோன் இன்னஸ் நிலையத்தில் 1988இல் சேர்ந்த பேராசிரியர். அதற்கு முதல் கலிபோர்னியாவில் இருந்தபோது ரியூலிப் கிழங்கு வாங்கியிருக்கிறார். நட முதல் பிரிட்ஜில் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். நீண்ட குளிர் படாவிட்டால் அது ஒழுங்காகப் பூக்காதாம். (குளிர் என்றால் நுவரெலியாவும் ஸ்வெட்டரும் என்று மட்டும் தெரிந்த எங்களுக்கு இது புதினம்தான்.) கடந்துபோன குளிரை ஒரு செடி எப்படி ஞாபகம் வைத்திருக்கிறது என்ற கேள்வியோடேயே அவருக்கு 30 வருடத்துக்கு மேல் போய்விட்டது.

அவர் ஆராய்ந்தது அரபிடோப்சிஸ், கடுகுக் குடும்பத்துச் சின்னக் களை. அதில் எஃப்.எல்.சி. என்ற பரம்பரையலகு பூப்பதைத் தடுத்து வைத்திருக்கும். வாரக்கணக்கில் குளிர் பட்டால், டி.என்.ஏ. சுற்றியிருக்கிற புரதங்களில் இரசாயனக் குறிகள் ஏறி அதை அணைத்துவிடும். எழுத்து மாறாது, வாசிப்புத்தான் நிற்கும். ஒரு கலத்தில் அது ஒன்றில் எரியும், இல்லையென்றால் அணைந்திருக்கும். குளிர் நீள நீள அணைந்த கலங்கள் கூடும். வெயில் வந்த பிறகும், கலம் பிரிந்த பிறகும் அந்த நினைவு நிற்கும்.

ஆனால் விதை உருவாகும்போது அது அழிக்கப்படுகிறது. தாய்ச்செடி கண்ட குளிர் பிள்ளைச்செடிக்குக் கணக்கில்லை. அது தன்ர குளிர்காலத்தைத் தானே காண வேண்டும்.

எல்லாக் குறியும் அழியும் என்று சொல்ல வரவில்லை. தாவரங்களில் சில தலைமுறை தாண்டிப் போவதும் உண்டு. மனிதரில் என்ன நடக்கிறது என்பதில் விஞ்ஞானிகளே இன்னும் வாதாடுகினம். எங்கட கோபம் வேறு. 'ஜீனில இருக்கு' என்றால் பிறகு யாரையும் கேள்வி கேட்கத் தேவையில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் வீதியோரம் போராட்டத்தில் குந்தினார்கள். அந்த அம்மாக்களுக்கு நித்திரை வராததற்குக் காரணம் பரம்பரையலகு இல்லை, பதில் சொல்லாத ஆட்கள். எங்களுக்கு அது வந்து சேர்ந்ததும் பெரும்பாலும் வீட்டுக்குள்ளதான்: திறக்காத சூட்கேஸ், ஒரு பேரைச் சொன்னதும் எழும்பி அடுப்படிக்குப் போகிற அம்மம்மா. அவவிட்ட நாங்கள் இன்னும் கேட்கேல்லை.