ஒரு விமானம், இரண்டு பெயர்



இரண்டாம் உலகப்போர் பற்றிய புத்தகங்களைப் புரட்டினால் ஒரு குழப்பம் வரும். ஜெர்மனியின் போர் விமானம் ஒன்றை ஒரு புத்தகம் 'பி.எஃப். 109' என்கிறது; இன்னொன்று 'எம்.இ. 109' என்கிறது. இரண்டும் வேற வேறன்னு நினைப்போம். ஒரே விமானம்தான்!

1935-இல் அது முதலில் பறந்தபோது, செய்த கம்பெனிக்கு 'பவேரிய விமானத் தொழிற்சாலை' என்று பொருள்படும் ஜெர்மன் பெயர். அதன் சுருக்கமே பி.எஃப். 1938-இல் கம்பெனிக்கு வடிவமைப்பாளர் மெஸ்ஸர்ஷ்மிட்டின் பெயரே வந்தது. பிறகு வந்த விமானங்களுக்கு எம்.இ. என்ற எழுத்து. பழைய 109-க்கு அரசுக் காகிதங்களில் பி.எஃப். நீடித்தது; எதிர்த்துப் போரிட்ட பிரிட்டிஷ்காரர்களோ எம்.இ. 109 என்றே எழுதினார்கள்.

'நமக்கென்னப்பா?' என்று கேட்கலாம். ஃபோக்கே-வுல்ஃப் 190-ஐ வடிவமைத்த குர்ட் டாங்க், போருக்குப் பின் நம் சென்னை எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்ததை அப்துல் கலாம் எழுதியிருக்கிறார். பெங்களூரில் டாங்க் உருவாக்கிய 'மாருத்' ஜெட் விமானம் 1961 ஜூன் 17-இல் பறந்தது. 190-இன் வழிவந்த விமானத்துக்கு அவர் பெயராலேயே 'டா 152' என்று பெயர். ஃபோக்கே-வுல்ஃப் என்று மட்டும் தேடுகிற மாணவனுக்கு அது தப்பிப்போகும்.

சிலர், "எம்.இ. தப்பு, எல்லாத்தையும் பி.எஃப்.னு மாத்து" என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். விமானி அன்று எழுதியதை இன்று திருத்தினால் அது ஆவணமே அல்ல. 1996-இல் தேனி மாவட்டம் பிரிவதற்கு முந்தைய கெங்குவார்பட்டிப் பத்திரங்களில் மதுரை மாவட்டம் என்றுதான் இருக்கும். நிலம் நகரவில்லை, அதற்காகப் பத்திரத்தை அழித்து எழுதுவோமா?

அதே சமயம், இரண்டு பெயரையும் இணைக்காமல் விடுவதும் குற்றமே. எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். அப்பாவின் பெயர் ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, என் சான்றிதழில் ஒரு மாதிரி. ரெண்டும் ஒரே ஆள்தான்னு காட்ட, தோட்ட வேலைக் கூலியை இழந்து அவர் அலைந்தார். எந்தக் காகிதமும் பொய் சொல்லவில்லை. இரண்டையும் சேர்க்கும் ஒரு வரி இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே என் கருத்து இது: பழைய பெயரை அழிக்காதீர்கள், பக்கத்திலேயே மறுபெயரையும், மாறிய வருடத்தையும் எழுதுங்கள். நாளை ஒர்க்‌ஷாப்பிலும் ஸ்டோரிலும் பதிவேடு எழுதப்போவது நாம்தான். உதிரிபாகத்தின் நம்பர் மாறினால் பழைய நம்பரையும் குறிப்போம். ஒரு வரி மையில் என்ன குறைந்துவிடும்? பின்னால் வருகிறவன் அலையாமல் இருப்பான்!