வேலையை விடு, தூரிகையை எடு?

"வேலையை விட்டுட்டு மனசுக்குப் பிடிச்சதைச் செய்!" எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள்! வீட்டில் அப்பாவின் பென்ஷன் வந்துகொண்டிருந்தால் யாரும் சொல்லலாம். துறைமுகத்தில் நிரந்தர வேலை கேட்டு வருஷக்கணக்கில் போராடிய காட்டுப்பள்ளி குப்பத்தில் போய் இதைச் சொல்லட்டுமே, பார்க்கலாம்.

உடனே காகினை இழுப்பார்கள். பாரிஸில் பங்குத் தரகர், அதை விட்டு ஓவியரானார், ஆஹா! அவர் மனைவி மெட்டே கோபன்ஹேகனில் பிரெஞ்சுப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிள்ளைகளை வளர்த்த கதை மட்டும் யார் வாயிலும் வராது.

அவ்வளவு தூரம் எதற்கு? இதே கடற்கரையில் தெற்கே போனால் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம். 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கிய ஓவியர் கிராமம். பணிக்கரும் தந்தித் துறை, இன்சூரன்ஸ் என்று அலைந்துவிட்டு 1936-ல், 25 வயதில்தான் சென்னை ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். ஆனால் அந்தக் கிராமம் வெறும் கனவில் எழும்பவில்லை. படம் விற்றுச் சாப்பிட முடியாது என்று தெரிந்து, அவரும் மாணவர்களும் சங்கம் வைத்து, பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றார்கள். அந்தக் காசில்தான் நிலமே வாங்கினார்கள் (சவுக்குத் தோப்பும் மணலுமாக இருந்த இடம், இன்றைய ஈ.சி.ஆர். விலையில் நினைக்காதீர்கள்!). துணிக்குச் சாயம் போட்டதால் அவர்கள் கலை கெட்டுப்போனதா? மெட்ராஸ் கலை இயக்கம் என்று இன்று கொண்டாடுவதில் பெரும்பங்கு இவர்களுடையதுதானே?

ராஜினாமா கடிதத்துக்குக் கைதட்டுகிறவர்கள், 'உன் பாத்திக் எது?' என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. அடுத்த மாத வாடகையும் அவர்கள் தரப்போவதில்லை.