தன் அதிகாரத்தைக் குறைக்கும் மசோதாவில் கையெழுத்திடுவது யார்?

- நமது நாடாளுமன்ற நிருபர் -

புது தில்லி: ஒரு நாட்டின் தலைவர் தமது அரசின் மீதே வழக்குத் தொடரலாமா? அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப், தமது வருமான வரிக் கணக்குகள் கசிந்ததற்கு இழப்பீடாக 1,000 கோடி டாலர் கேட்டு 2026 ஜனவரியில் அந்நாட்டு வரித்துறை மீது வழக்குத் தொடர்ந்தார். வழக்குத் தொடுத்தவர் அதிபர். பதில் சொல்ல வேண்டிய துறையோ அவருக்குக் கீழ்ப்பட்டது. இத்தகைய வழக்குகளுக்குச் சட்ட வரம்பு தேவை என்ற குரல் அங்கே எழுந்ததில் வியப்பில்லை.

இது எங்கோ நடக்கும் வேடிக்கை என்று பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதித் தமிழர்கள் ஒதுக்கிவிட முடியாது. மாநிலத்தின் தலைவரான ஆளுநரும், அவருடைய பெயரால் ஆட்சி நடத்தும் அமைச்சரவையும் நீதிமன்றத்தில் எதிரெதிரே நிற்பதைச் சில ஆண்டுகளாகவே பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். அந்தச் சண்டையால் விளைந்த காத்திருப்பின் சுமையும் அவர்கள் மீதே விழுந்தது.

இடுக்கியின் பட்டா

இடுக்கி மாவட்டத்தில் 1964-ஆம் ஆண்டு விதிகளின்படி வழங்கப்பட்ட பட்டா நிலத்தில் பயிர் செய்யலாம், வீடு கட்டலாம். கடை கட்டினால் விதிமீறல். தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு வட்டங்களில் கடைத்தெருவும் தங்கும் விடுதியும் பெருகிய பின்னர், பலருடைய பிழைப்பு இந்த விதியில் சிக்கியது. இதற்குத் தீர்வாக, அரசு நில ஒதுக்கீட்டுச் சட்டத் திருத்த மசோதாவை 2023 செப்டம்பர் 14-ல் கேரள சட்டப்பேரவை நிறைவேற்றியது.

மசோதா ஆளுநர் மாளிகையில் தங்கிவிட்டது. 2024 ஜனவரி 9-ல் அன்றைய ஆளுநர் ஆரிப் முகமது கான் தொடுபுழைக்கு வந்தபோது, ஆளும் இடது ஜனநாயக முன்னணியே மாவட்டம் முழுவதும் ஹர்த்தால் நடத்தியது. கடைசியில், கேரளத்தில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு முடிந்த மறுநாள், அதாவது 2024 ஏப்ரல் 27-ல், ஒப்புதல் கிடைத்தது. ஏழு மாதங்களுக்கு மேல் ஏன் காத்திருக்க நேர்ந்தது என்பதற்கு மலையோர வியாபாரிக்கு யாரும் கணக்குச் சொல்லவில்லை.

பாலக்காட்டுக்கும் இதில் பங்கு உண்டு. பால் கூட்டுறவுச் சங்கங்கள் மிகுந்த மாவட்டம் அது. மில்மா நிர்வாகத்தில் வாக்குரிமை தொடர்பாக 2022-ல் நிறைவேறிய கூட்டுறவுத் திருத்த மசோதா குடியரசுத் தலைவருக்கு அனுப்பப்பட்டு, 2024-ல் ஒப்புதல் மறுக்கப்பட்டது. அந்த மசோதா நல்லதா, கெட்டதா என்பது வேறு விவாதம். சித்தூர் வட்டத்தில் பால் கறப்பவருக்கு அந்த விவாதத்தின் முடிவு சட்டப்பேரவையிலும் தெரியவில்லை, நீதிமன்றத்திலும் தெரியவில்லை என்பதே குறை.

இரு தரப்பும் நீதிமன்றத்தில்

முதலில் நீதிமன்றப் படியேறியது மாநில அரசு. மசோதாக்கள் கிடப்பில் கிடக்கின்றன என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அதே மாத இறுதியில் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்து, ஏழு மசோதாக்களைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார் ஆளுநர்.

அடுத்து வந்தது ஆளுநர் தரப்பு வழக்கு. அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், டிஜிட்டல் பல்கலைக்கழகம் இரண்டிலும் தற்காலிகத் துணைவேந்தர்களை வேந்தர் என்ற முறையில் ஆளுநர் நியமித்தது செல்லாது என்று 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்ற டிவிஷன் பெஞ்ச் உறுதி செய்தது. அதை எதிர்த்து, 2025-ல் பொறுப்பேற்ற ஆளுநர் ராஜேந்திர அர்லேகர் வேந்தராக உச்ச நீதிமன்றம் சென்றார். எதிர் மனுதாரர் கேரள அரசு. துணைவேந்தர் தேர்வில் முதலமைச்சருக்குப் பங்கு கூடாது என்றும் பின்னர் மனுச் செய்தார். ஓய்வுபெற்ற நீதிபதி சுதான்ஷு தூலியா தலைமையில் தேர்வுக் குழுவை உச்ச நீதிமன்றம் அமைத்தது. டிசம்பரில் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்த பிறகே நிரந்தர நியமனம் நடந்தது.

தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் நியமனத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது 2022 அக்டோபரில். நிரந்தரத் துணைவேந்தர் வந்தது 2025 டிசம்பரில். அகத்தேத்தறை, பைனாவு, மூணாறு பொறியியல் கல்லூரிகள் யாவும் இந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. அங்கே முதலாண்டு சேர்ந்த மாணவர் நான்காம் ஆண்டை எட்டும் அளவுக்கு நீண்டது இந்த இழுபறி.

வழக்குகளுக்குச் செலவான பணம் யாருடையது? வேந்தருக்கு எதிரான வழக்குகளுக்குத் துணைவேந்தர்கள் பல்கலைக்கழக நிதியிலிருந்து 1 கோடியே 13 லட்சம் ரூபாய் செலவிட்டதாகக் கணக்கு வெளியானது. அதைத் திருப்பிக் கட்டுமாறு 2024 ஜூலையில் ஆளுநர் உத்தரவிட்டார். கேள்வி நியாயமானது. அந்தக் கேள்வி ஆளுநர் மாளிகையின் வழக்குச் செலவுக்கும் பொருந்த வேண்டும் அல்லவா?

அரசும் குற்றமற்றதல்ல

மாநில அரசு தூய்மையாக நடந்துகொண்டது என்று சொல்வதற்கில்லை. கண்ணூர் துணைவேந்தரின் மறுநியமனத்தை 2023 நவம்பரில் ரத்து செய்தபோது, மாநில அரசின் தேவையற்ற தலையீட்டை உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. அரசு வரம்பு மீறினால் ஆளுநர் நீதிமன்றம் போகாமல் என்ன செய்வார் என்று கேட்பவர்கள் உண்டு.

ஆனால், 2022-ல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக நியமனத்தையும், 2023-ல் கண்ணூர் நியமனத்தையும் வழக்குத் தொடுத்து முறியடித்தவர் ஆளுநர் அல்லர். கல்வித் துறையைச் சேர்ந்த தனிநபர்கள். அரசின் தவறைத் தட்டிக்கேட்க வேறு வழிகள் இருக்கின்றன. அரசியல் சாசனத்தின் 361-ஆவது பிரிவு ஆளுநரை நீதிமன்றத்துக்குப் பதில் சொல்லும் கடமையிலிருந்து காக்கிறது. அந்தக் கவசத்தை அணிந்தவர் வாளையும் ஏந்தி வருவது பொருத்தமா என்பதே கேள்வி.

முடிச்சு எங்கே?

ஆளுநருக்கு வேந்தர் பதவியைத் தந்தது சட்டப்பேரவை இயற்றிய சட்டம். தந்தவர்கள் திரும்பப் பெறலாம். இத்தகைய பதவிகளை ஆளுநர் மீது சுமத்தலாகாது என்று 2010-ல் புஞ்சி கமிஷனும் பரிந்துரைத்தது. 2022 டிசம்பர் 13-ல் கேரளம் அதற்கான மசோதாவை நிறைவேற்றியது. அந்த மசோதா சட்டமாக யாருடைய கையெழுத்து வேண்டும்? அதே ஆளுநருடையது! அவர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். 2024 பிப்ரவரியில் ஒப்புதல் மறுக்கப்பட்டது. கதை முடிந்தது.

அமெரிக்காவில் அதிபரின் வழக்குகளுக்கு வரம்பிடும் மசோதா நிறைவேறினாலும் அதிபரிடம்தான் போகும். ஆனால் அவர் மறுத்தால், மூன்றில் இரு பங்கு பெரும்பான்மையால் நாடாளுமன்றம் அதை மீற முடியும். நம்மிடம் அந்த வழியும் இல்லை. குடியரசுத் தலைவருக்கு அனுப்பப்பட்ட மசோதாவைப் பேரவை மீண்டும் நிறைவேற்றினாலும், அவர் ஒப்புதல் அளித்தே தீர வேண்டும் என்று 201-ஆவது பிரிவு சொல்லவில்லை.

நீதிமன்றத்தை நம்பியும் பயனில்லை. தமிழக வழக்கில் 2025 ஏப்ரல் 8-ல் உச்ச நீதிமன்றம் காலக்கெடு விதித்தது. பத்து மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகக் கருதப்படும் என்றது. குடியரசுத் தலைவரின் 14 கேள்விகளுக்கு விடையளித்த அரசியல் சாசன அமர்வு, நவம்பர் 20-ல், காலக்கெடுவோ தானாக ஒப்புதலோ நீதிமன்றம் விதிக்க இயலாது என்று கூறிவிட்டது. காரணமின்றி நெடுநாள் வாளாவிருந்தால் மட்டும் முடிவெடுக்கச் சொல்லலாம். எஞ்சியிருப்பது நாடாளுமன்றம் ஒன்றுதான்.

வழி ஏற்கெனவே சாசனத்தில் இருக்கிறது. அரசியல் சாசனத் திருத்த மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தே ஆக வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டின் 24-ஆவது திருத்தம் விதித்தது. நாட்டின் தலைவருக்கே விதிக்கப்பட்ட அந்த ஒழுங்கை மாநிலத் தலைவருக்கும் விரிக்கலாம். ஆளுநரின் சட்டபூர்வப் பொறுப்புகளைக் குறைக்கும் மசோதா பேரவையில் இரண்டாம் முறை நிறைவேறினால், குறித்த நாளுக்குள் ஒப்புதல் கட்டாயம் என்று ஆக்கலாம். தமது அரசுக்கு எதிராக ஆளுநர் வழக்குத் தொடுக்க நேர்ந்தால், காரணத்தையும் செலவையும் பேரவையின் முன் வைக்க வேண்டும் என்றும் விதிக்கலாம். ஆளுநருக்கு எதிரான அரசின் வழக்குச் செலவுக்கும் அதே விதி பொருந்தட்டும்.

இதை யார் கொண்டு வருவார்கள்? வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் தனிநபர் மசோதாக்கள் விவாதிக்கப்படும்போது, செய்தியாளர் மாடத்திலிருந்து பார்த்தால் அவையில் காலி இருக்கைகளே கண்ணில் படும். தனிநபர் மசோதா ஒன்று கடைசியாகச் சட்டமானது 1970-ல். எனவே அரசே முன்வர வேண்டும். இன்று தில்லியில் ஆள்பவர்கள் நாளை ஒரு மாநிலத்தில் மட்டும் ஆளும் நிலை வரலாம். அந்த நாளை நினைத்தேனும் எல்லாக் கட்சிகளும் இதில் ஒன்றுபடுவது நல்லது. இடுக்கி வியாபாரியின் ஏழு மாதங்களையும், பைனாவு மாணவரின் மூன்று ஆண்டுகளையும் எந்தத் தீர்ப்பும் திருப்பித் தரப்போவதில்லை.