திருகாணிக்கு எதற்குக் கதை?

'முதலைகளின் தெரு' குறும்படத்தைப் பார்த்துவிட்டுப் பலர் கேட்கும் முதல் கேள்வி, "சரி, கதை என்ன?" புத்தகம் தெரிந்தவர்கள் கேட்பது, "அதில் வரும் அப்பா எங்கே?" இந்த இரண்டாவது கூட்டம் புத்தகத்தைக் கதைச்சுருக்கத்துக்காக மட்டும் படித்த கூட்டம்.

படம் வந்தது 1986-இல். எடுத்தவர்கள் ஸ்டீபன், திமோத்தி க்வே என்ற இரட்டையர்கள். அமெரிக்காவில் பிறந்து லண்டனில் வேலை செய்பவர்கள். மூலம், போலிஷ் எழுத்தாளர் புரூனோ ஷூல்ஸின் 1934-ஆம் வருஷத்துச் சிறுகதைத் தொகுப்பு. (மாய யதார்த்தம் என்றதும் மார்க்கேஸில் ஆரம்பித்து மார்க்கேஸிலேயே முடித்துக்கொள்பவர்கள் வருஷத்தைக் கொஞ்சம் கவனிக்கவும்.)

புத்தகத்தில் என்ன நடக்கிறது? துணிக்கடைக்கார அப்பா, தையல்காரப் பெண்களை உட்காரவைத்து, தையற்கடைப் பொம்மைகளைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறார். செத்த பொருள் என்று எதுவுமே கிடையாது. காகிதக்கூழ், மரத்தூள் மாதிரி மட்டமான சரக்கை வைத்து மனிதன் இரண்டாவது படைப்பைத் தொடங்க வேண்டும் என்பது அவர் வாதம். நடிகர்களை வைத்து இதை எடுத்தால் ஒரு பெரியவர் பேசுவார், நாலு பெண்கள் சிரிப்பார்கள், அவ்வளவுதான். க்வே சகோதரர்கள் பிரசங்கத்தைப் படம் பிடிக்கவில்லை, செய்தே காட்டிவிட்டார்கள். பயாஸ்கோப் மாதிரியான பழைய பெட்டிக்குள் நிஜ மனிதர் ஒருவர் எச்சில் துப்புகிறார். பெட்டி ஓடத் தொடங்குகிறது. ஒல்லிப் பொம்மையின் கயிற்றை வெட்டிவிடுகிறார். அப்புறம் திருகாணிகள் தாமாகவே கழன்று தூசியில் உருண்டு போகின்றன. மண்டை திறந்த பொம்மைத் தையற்காரர்கள் ஒரு ஈரலுக்கு மெல்லிய காகிதம் சுற்றுகிறார்கள். எல்லாம் கையால் கொஞ்சம் நகர்த்தி, விலகி, ஒரு படம் எடுத்து, மறுபடி நகர்த்தி... திரையில் ஒரு நொடி ஓட 24 ஃபிரேம் வேண்டும். அப்பா எங்கே என்று தேடுபவர்கள் அந்தத் திருகாணியைப் பார்க்கட்டும்.

"கம்ப்யூட்டரில் இதைவிடச் சுத்தமாகச் செய்யலாமே?" இது இன்னொரு கட்சி. தாராளமாகச் செய்யலாம். ஆனால் கம்ப்யூட்டர் திருகாணிக்கு எடை கிடையாது. எங்கேயும் துருப்பிடித்துக் கிடந்ததும் கிடையாது. கிடந்தது நகர்வதுதானே இங்கே விஷயம்!

ஷூல்ஸ் தன் சொந்த ஊரான துரோஹோபிச்சில் ஓவிய வாத்தியாராக இருந்தவர். 1942 நவம்பரில் அதே ஊர்த் தெருவில் ஒரு கெஸ்டபோக்காரன் அந்த யூதரைச் சுட்டுக் கொன்றான். எழுதிக்கொண்டிருந்த நாவலும் தொலைந்தது. அவருடைய இன்னொரு புத்தகத்தைக் க்வே சகோதரர்கள் 2024-இல் பொம்மைகளை வைத்து முழுநீளப் படமாகவே எடுத்துவிட்டார்கள். அதிலும் கதைச்சுருக்கம் தேடப்போகிறவர்கள் டிக்கெட் காசை மிச்சப்படுத்தலாம்.