வில்லன் விலேன் அல்ல, வி.டி.பி.

பரணில் ஐந்து வருடமாகத் தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு பழைய கணக்கு நோட்டு. அதில் கடைசி வவுச்சர் எண் 412. கடையில் இன்று நடப்பில் இருக்கும் நோட்டில் கடைசி எண் 380. பரண் நோட்டின் எண்தான் பெரியது, அதனால் அதுதான் சரியான கணக்கு என்று சொல்லி, நடப்புக் கணக்கை ஒருவர் கிழித்துப் போட்டால் முதலாளி அவரை என்ன செய்வார்? பி.காம். முதலாண்டு படிப்பவருக்குக்கூட பதில் தெரியும். ஆனால் இதே காரியத்தை நெட்வொர்க் ஸ்விட்ச் செய்தால் அதற்குப் பெயர் 'வசதி'. சிஸ்கோ நிறுவனம் அந்த வசதிக்கு வைத்த பெயர் வி.டி.பி.

முதலில் விலேன் என்ன என்று பார்த்துவிடலாம். ஒரே ஸ்விட்சில் செருகிய கணினிகளைத் தனித்தனிக் கூட்டமாகப் பிரித்து வைக்கும் ஏற்பாடு அது. ஒரு கல்லூரி என்றால் அலுவலகத்துக்கு 10, மாணவர் லேபுக்கு 20, கேமராக்களுக்கு 30 என்று எண் கொடுப்பார்கள். பெட்டி ஒன்றுதான், ஆனால் லேபில் உட்கார்ந்திருக்கும் பையனின் கணினியால் ஃபீஸ் கவுண்டர் கணினியோடு நேராகப் பேச முடியாது. 1998-இல் வந்த 802.1க்யூ தரநிலைப்படி, ஸ்விட்சுகளுக்கு நடுவே ஓடும் ட்ரங்க் இணைப்பில் ஒவ்வொரு ஃப்ரேமிலும் 12 பிட் எண் ஒன்று ஒட்டப்படும். 1 முதல் 4094 வரை பயன்படுத்தலாம். நல்ல ஏற்பாடு, இதில் யாருக்கும் சண்டை இல்லை.

சண்டை எங்கே என்றால், கட்டடத்தில் 40 ஸ்விட்ச் இருக்கும்போது. புதிதாக ஒரு விலேன் வேண்டுமென்றால் நாற்பதிலும் போய் எழுத வேண்டும். ஒன்றில் மறந்தாலும் அந்த மாடியில் வேலை நடக்காது. இதற்குத் தீர்வாக வந்ததுதான் வி.டி.பி. ஒரு ஸ்விட்சை சர்வர் என்று வைத்து அதில் சொன்னால் போதும், மற்றவை கேட்டு எழுதிக்கொள்ளும். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது.

ஆனால் யார் சொல்வது சரி என்று அது எப்படி முடிவு செய்கிறது? விலேன் பட்டியலில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 'ரிவிஷன்' எண் ஒன்று கூடும். டொமைன் பெயரும் பாஸ்வேர்டும் ஒத்துப்போனால், எண் பெரிதாக இருக்கும் பட்டியலே ஜெயிக்கும். யார் மாற்றினார், எப்போது, எதற்கு என்ற கேள்வியே கிடையாது. இதைவிடக் கொடுமை, வி.டி.பி. பதிப்பு 1, 2 இரண்டிலும் 'கிளையன்ட்' என்று வைத்த ஸ்விட்ச்கூடப் பெரிய எண்ணோடு வந்தால் சர்வரின் பட்டியலையே அழித்து எழுதிவிடும். (சீடன் குருவுக்குப் பாடம் எடுப்பது!)

இப்படி யோசித்துப் பாருங்கள். நெட்வொர்க்கிலிருந்து கழற்றிய பழைய ஸ்விட்ச் ஒன்றை லேபில் பயிற்சிக்கு வைத்திருக்கிறார்கள். அதில் விலேன்களைச் சேர்த்தும் நீக்கியும் விளையாடியதில் எண் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. ஒருநாள் மூன்றாவது மாடி ஸ்விட்ச் செத்துப்போக, டெக்னீஷியன் பையன் லேப் ஸ்விட்சை எடுத்து, 'ரைட் எரேஸ்' கொடுத்து, ரீலோடும் செய்கிறான். எல்லாம் அழிந்துவிட்டது என்று நினைக்கிறான். அழியவில்லை. விலேன் பட்டியலும் ரிவிஷன் எண்ணும் ஃப்ளாஷில் விலேன்.டேட் என்ற தனிக் கோப்பில் பத்திரமாக இருக்கின்றன. ட்ரங்க் கேபிளைச் செருகுகிறான். அதிகம் போனால் சில நிமிடம். 10, 20, 30 எல்லாம் நாற்பது ஸ்விட்சிலிருந்தும் காணாமல் போகின்றன. அந்தப் போர்ட்டுகள் வேறு விலேனுக்கும் மாறுவதில்லை, அப்படியே செயலிழந்து நிற்கின்றன. போர்ட்டின் கன்ஃபிக்கைப் பார்த்தால் 'விலேன் 10' என்று முன்பு இருந்தபடியே இருக்கும். கன்ஃபிக்கில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, கட்டடமே படுத்துவிட்டது.

மறுநாள் மெமோ யாருக்கு? அந்தப் பையனுக்கு. இதுதான் எரிச்சலைக் கிளப்புவது. வங்கியில் ஒரு பெரிய தொகையை மாற்ற ஒருவர் பதிய வேண்டும், இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும். பதிந்த குமாஸ்தா தூக்கக் கலக்கத்தில் இருந்தாலும் பணம் போகக்கூடாது என்பதற்குத்தான் அந்த இரண்டாவது ஆள். இங்கே ஒப்புதலே இல்லாமல் எல்லாவற்றையும் மாற்ற ஒரு கேபிள் போதும் என்று வடிவமைத்துவிட்டு, கவனக்குறைவு என்று கடைநிலை ஊழியரைக் கைகாட்டுவது என்ன நியாயம்?

"பாஸ்வேர்டு போட்டால் போதுமே" என்பார்கள். பழைய ஸ்விட்சும் அதே கட்டடத்தில் இருந்ததுதான், பாஸ்வேர்டு அதற்கும் தெரியும். "செருகுவதற்கு முன் டொமைன் பெயரை மாற்றினால் எண் பூஜ்யமாகிவிடும்" என்பார்கள். உண்மைதான். ராத்திரி பத்து மணிக்கு அவசரத்தில் நிற்பவருக்கு அது ஞாபகம் இருக்க வேண்டுமே. தயாரித்தவர்களுக்கே இது புரிந்திருக்க வேண்டும். பதிப்பு 3-இல் 'பிரைமரி சர்வர்' என்று ஒன்றை ஆள் கட்டளை கொடுத்து நியமிக்கிறார், அதைத் தவிர வேறெதுவும் பட்டியலை மாற்ற முடியாது. ஆனால் அந்தப் பதிப்பை நாமாகத் தேர்ந்தெடுத்தால்தான் அந்தப் பாதுகாப்பு.

கையால் நாற்பது முறை தட்டச்சு செய்யச் சொல்லவில்லை, அதுவும் பிழைக்கு வழிதான். ஸ்விட்சுகளை எல்லாம் 'டிரான்ஸ்பரன்ட்' நிலைக்கு மாற்றிவிட்டு, விலேன் பட்டியலை ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் வைக்கலாம். ஒருவர் திருத்த, இன்னொருவர் பார்க்க, அதன்பின் ஸ்கிரிப்டோ, 2012-இல் வந்த ஆன்சிபிள் போன்ற கருவியோ நாற்பதுக்கும் அனுப்பும். ஸ்கிரிப்டிலும் தப்பு வரும், நாற்பதிலும் விழும். ஆனால் முதலில் ஒரே ஒரு ஸ்விட்சில் ஓட்டிப் பார்க்கலாம். யார் மாற்றினார் என்று தெரியும். நேற்றைய கோப்பைத் திரும்ப அனுப்பலாம். ஸ்கிரிப்ட் எழுத ஆள் இல்லாத சின்ன இடங்களில் பத்து வரியை ஒவ்வொரு ஸ்விட்சிலும் காப்பி-பேஸ்ட் செய்வதுகூட வி.டி.பி.யைவிட மேல். மூன்றாவது மாடிக்கு எத்தனை விலேன் தேவைப்படப்போகிறது, மூன்றோ நான்கோ!

நெட்வொர்க் பார்த்துக்கொள்பவர்கள் இன்றே 'ஷோ வி.டி.பி. ஸ்டேட்டஸ்' அடித்துப் பார்க்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் ஸ்விட்சுகளில் மட்டுமல்ல, அலமாரியில் ஸ்பேராக இருப்பதையும் தனியாக மின்சாரம் கொடுத்து, எந்தக் கேபிளும் செருகாமல்.