தலைவன் பிறப்பதற்கு முன் ஐந்து படங்கள்



துறையூரில் ஒரு சேரியில் மாலை நேரத்தில் பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருந்தோம். கீழ்வெண்மணி, மேலவளவு, திண்ணியம் என்று நான் வழக்கம்போல வரிசையாகச் சொல்லி முடித்தேன். கல்லூரியில் முதலாமாண்டு படிக்கும் ஒரு பெண் எழுந்து நின்றது. "ஏண்ணே, அடிச்சாங்க, எரிச்சாங்க, பீ திங்க வச்சாங்க, இதுதான் ஒங்க பேச்சுல பூரா வருது. நம்ம ஆளுங்க ஒருநாளும் எதுத்து நிக்கவே இல்லியா?" எனக்கு உடனே பதில் வரவில்லை. அந்தக் கேள்விதான் இந்தத் தலையங்கம்.

ஜேக்கப் லாரன்ஸ் என்ற கறுப்பின ஓவியனுக்கும் இதே கேள்வி இருந்தது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வளர்ந்த ஏழைப் பையன். பள்ளிக்கூடப் புத்தகத்தில் கறுப்பர்களுக்கு வரலாறு இல்லை. 135ஆம் தெரு நூலகத்தில் உட்கார்ந்து தேடிப் படித்தான். 1937-38இல், இருபது இருபத்தொரு வயதில், ஹைத்தி அடிமைகளின் எழுச்சியையும் அதன் தலைவர் டூசான் லூவர்த்தூரையும் 41 படங்களாக வரைந்தான். எல்லாம் சின்னச்சின்ன படங்கள், தாளில் வரைந்தவை. ஒவ்வொன்றுக்கும் கீழே செய்தி மாதிரி ஓரிரு வரி. 1939இல் பால்டிமோர் அருங்காட்சியகத்தில் அவற்றைக் காட்சிக்கு வைத்தார்கள். நான் அச்சில்தான் பார்த்திருக்கிறேன். அதுவே போதுமானதாக இருந்தது.

ஒரே படத்தில் இந்தக் கதை அடங்காது என்பதால்தான் அவன் வரிசையாக வரைந்தான். குதிரைமேல் வாளோடு ஒரு வீரன் என்று ஒற்றைப் படம் போட்டிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். அவன் அப்படிச் செய்யவில்லை. முதல் படம் 1492இல் கொலம்பஸ் தீவுக்கு வந்ததில் தொடங்குகிறது. மண்ணின் மக்கள் அழிவதும் அடிமை வியாபாரம் பெருகுவதும் அடுத்து வருகின்றன. டூசான் பிறப்பது ஆறாவது படத்தில்தான். ஏழாவதில், தோட்ட முதலாளியின் சாட்டைச் சத்தத்தைக் கேட்டபடி அந்தப் பிள்ளை வளர்கிறது. தலைவன் வானத்திலிருந்து குதிக்கவில்லை, ஐந்து படங்களின் கொடுமையும் கோபமும்தான் அவனைப் பெற்றுப் போட்டன என்று சொல்லாமல் சொல்கிறான் ஓவியன்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரான்சுக்குச் சர்க்கரையும் காப்பியும் விளைவித்துக் கொடுத்த அந்தக் காலனியில் ஏறத்தாழ 5 லட்சம் அடிமைகள். 1791 ஆகஸ்டில் தோட்டங்களுக்குத் தீ வைத்தார்கள். 1794இல் பிரெஞ்சு அரசு அடிமை முறையை ஒழிப்பதாக அறிவித்தது. அது கருணையால் வந்ததல்ல, களத்தில் அடிமைகள் ஏற்கெனவே தங்களை விடுவித்துக்கொண்டிருந்தார்கள். 1802இல் நெப்போலியன் அனுப்பிய பெரும்படை வந்திறங்கியது. பேச்சுவார்த்தை என்று அழைத்து டூசானைப் பிடித்தார்கள். பிரான்சின் மலைக்கோட்டை ஒன்றில், குளிரில், 1803 ஏப்ரலில் அவர் செத்துப்போனார். 1804 ஜனவரி 1இல் ஹைத்தி விடுதலை நாடாயிற்று.

லாரன்ஸ் 39ஆம் படத்தில் டூசானைச் சாகவிடுகிறான். இன்னும் இரண்டு படம் பாக்கி இருக்கிறது. 40ஆம் படத்தில் விடுதலைப் பிரகடனம் வருகிறது. 41ஆம் படத்தில் தெசலின் பேரரசனாக முடிசூடுகிறான், பக்கத்தில் அறுந்த சங்கிலி. கீழே உள்ள வரியோ அவனைச் சர்வாதிகாரி என்கிறது. சங்கிலி அறுந்ததும் உண்மை, புது மகுடம் ஏறியதும் உண்மை. இரண்டையும் ஒரே படத்தில் வைக்க அந்தப் பையனுக்குத் தைரியம் இருந்தது.

டூசானும் மாசில்லாத ஆளல்ல. விடுதலையான மக்களையே ராணுவக் கட்டுப்பாட்டில் தோட்ட வேலைக்குத் திருப்பி அனுப்பினார். உழைப்பவர் பக்கம் சாய்ந்த தன் மருமகன் மோயிஸை 1801இல் சுட்டுக் கொல்ல வைத்தார். தலைவரை விமர்சித்தால் துரோகி என்று முத்திரை குத்தும் நம் இயக்கத் தோழர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நம் சுவரொட்டிகளைப் பாருங்கள். தலைவர் முகம் முழுத்தாளுக்கு நிற்கும், மக்கள் தபால்தலை அளவுக்கு ஓரத்தில் இருப்பார்கள்.

இது நமக்கென்ன, கடல் தாண்டிய கதை என்பீர்கள். 1873இல் 'குலாம்கிரி' எழுதிய ஜோதிராவ் புலே, அந்த நூலை அமெரிக்காவில் நீக்ரோ அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்டவர்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். அடிமைத்தனத்தைவிடத் தீண்டாமை கொடியது என்று அண்ணல் அம்பேத்கர் வாதாடினார். இங்கேயும் நிலத்தோடு சேர்த்து நம் பாட்டன் பாட்டியை ஓலை எழுதி விற்றார்கள். 1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை உரிமையைச் செல்லாததாக்கியது, ஆனால் ஒரு காணி நிலம் தரவில்லை. அடிமை பண்ணையாளானான், அவ்வளவுதான். ஹைத்தியிலும் 1825இல் பிரான்ஸ் 15 கோடி பிராங்க் நட்டஈடு கேட்டது. யாருக்கு? அடிமைகளை இழந்த எசமானர்களுக்கு!

சரி, நம்மிடம் படக்கதை இல்லையா? இருந்தது, மாற்றி வரைந்துவிட்டார்கள். சாதி மீறிப் பொம்மியைக் கைப்பிடித்த மதுரைவீரன் சக்கிலியர் வீட்டுப் பிள்ளை. அவனை மாறுகால் மாறுகை வாங்கிக் கொன்றார்கள். கொன்ற பிறகு, காசிராசன் மகன், குழந்தையிலே காட்டில் போட்டுவிட்டார்கள் என்று முதல் படத்தை மாற்றிவிட்டார்கள். வீரம் இருந்தால் அது ராச ரத்தமாகத்தான் இருக்க வேண்டுமாம்! நம்முடைய வேலை அந்த முதல் படத்தைத் திரும்ப வரைவது.

கீழ்வெண்மணி என்றால் 1968 டிசம்பர் 25, எரியும் குடிசை, 44 உயிர். அந்த ஒரு படத்தைத்தான் மறுபடி மறுபடி போடுகிறோம். அதற்கு முன்னால் சங்கம் சேர்ந்தது, கொடி ஏற்றியது, கூலி உயர்த்திக் கேட்டது, கொடியை இறக்கச் சொன்னபோது மறுத்தது, இவை எங்கே? பின்னால் 1973இல் உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்ததே, அந்தப் படம் எங்கே?

நம் திருச்சி மாவட்டத்துத் திண்ணியத்தில் 2002இல் நடந்தது என்ன? மலம் திணித்ததை எல்லோரும் எழுதினோம். வீடு ஒதுக்கித் தருவதாகப் பணம் வாங்கி ஏமாற்றியதை நம் ஆட்கள் தப்படித்து ஊருக்கே சொன்னார்கள். அதற்காகத்தான் அந்தத் தண்டனை. முதல் படம் தப்பு. மலம் அதற்குப் பிறகுதான். தப்பை விட்டுவிட்டு மலத்தை மட்டும் காட்டினால் அவன் சுமத்திய அவமானத்தைத்தான் நாமும் பரப்புகிறோம்.

அந்தப் பெண்ணுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்: எதிர்த்து நின்றோம்மா, எதிர்த்து நின்றதால்தான் அடித்தார்கள். நான் அடியிலிருந்து கதையைத் தொடங்கியது என் தப்பு.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் சேரியில் வயதான அம்மாக்களிடம் போய் உட்காருங்கள். யார் முதலில் துண்டை இடுப்பிலிருந்து தோளுக்கு ஏற்றியது, யார் செத்த மாடு தூக்க மாட்டேன் என்றது, டீக்கடையில் தனிக் குவளையை யார் உடைத்தது என்று கேளுங்கள். வெள்ளைத்தாளும் போஸ்டர் கலரும் போதும். படம் கோணலாக வந்தால் பரவாயில்லை. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரி, ஊர், ஆண்டு. 41 வேண்டாம், பத்து வரையுங்கள். ஏப்ரல் 14க்குச் சேரிச் சுவரில் கயிறு கட்டித் தொங்கவிடுவோம். அன்றைக்கு அந்தப் பெண்ணே எழுந்து நின்று முதல் படத்தை ஊருக்கு விளக்கட்டும்.